துணைக்கு இருப்பவர்: சிறார் வார்டில் மனத்துணைப் பணியின் வலுவும் குறையும்

மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தையை நோய் ஒரு பக்கம் வருத்த, நோயைத் தீர்க்க வந்த மருத்துவம் இன்னொரு பக்கம் வருத்துகிறது. காய்ச்சலுக்கோ மூச்சிரைப்புக்கோ கொண்டுவரப்பட்ட ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் உடலுக்குள் நடக்கும் நோய் புலப்படுவதில்லை. முகம் தெரியாதவர்கள் சூழ்ந்துகொண்டு கையைப் பிடிப்பதும், ஊசி குத்துவதும், பழகிய சாப்பாடும் படுக்கையும் பறிபோவதுமே அதற்குப் புலப்படுகின்றன. இந்த இரண்டாவது துன்பத்தைக் குறைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பணி, கடந்த முக்கால் நூற்றாண்டில் மேலைநாட்டு மருத்துவமனைகளில் வளர்ந்து வந்துள்ளது. அங்கே சைல்டு லைஃப் என்று வழங்கும் அதனை இக்கட்டுரை சிறார் மனத்துணைப் பணி என்று குறிக்கிறது. என்ன நடக்கப்போகிறது என்பதைக் குழந்தைக்கு விளங்கும் சொற்களில் முன்கூட்டியே சொல்வது, சிரிஞ்சையும் முகமூடியையும் பொம்மையின்மேல் வைத்துப் பார்க்க விடுவது, வலி தரும் நேரத்தில் கவனத்தை வேறு பக்கம் திருப்புவது, பிள்ளையை எப்படிப் பிடித்துக்கொள்வது, என்ன சொல்வது என்று பெற்றோருக்குக் காட்டித் தருவது ஆகியவை இதன் கூறுகள். இப்பணியைக் காஞ்சிபுரம் போன்ற ஒரு நெசவு ஊரின் குடும்பச் சூழலில் வைத்து எடைபோட்டால், பலரும் புகழும் கூறுகள் சிலவற்றின் எடை குறைவதும், யாரும் கவனிக்காத கூறு ஒன்றின் எடை கூடுவதும் தெரியவரும்.

இப்பணி எந்தக் காயத்துக்கு மருந்தாகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தொற்றுப் பயத்தாலும் ஒழுங்கின் பெயராலும் பெற்றோரை வார்டுக்கு வெளியே நிறுத்தின. வாரத்தில் சில மணி நேரமே பார்வை நேரம் என்ற விதியும் இருந்தது. பிரிவு குழந்தையை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்துவந்த ஜான் பௌல்பியின் உடன்பணியாளரான ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்து 1952இல் வெளியிட்டார். முதலில் அழுது எதிர்ப்பது, பிறகு நம்பிக்கையிழந்து ஒடுங்குவது, கடைசியில் தாய் வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு விலகிவிடுவது என்று பிரிவின் மூன்று நிலைகளை அவர் வகுத்தார். வார்டின் அமைதியை நலத்தின் அறிகுறியென்று எண்ணியிருந்த மருத்துவர்களுக்கு, அந்த அமைதி நம்பிக்கை இழந்த பிள்ளையின் அமைதி என்று அப்படம் காட்டியது. மருத்துவமனையில் சிறார் நலனை ஆராய்ந்து 1959இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோருக்கு வார்டைத் திறந்துவிடப் பரிந்துரைத்தது. அதே காலத்தில், வியன்னாவில் மாண்டிசோரி ஆசிரியராகப் பயின்று அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எம்மா பிளாங்க், 1955 முதல் கிளீவ்லண்ட் நகர மருத்துவமனையில் சிறார்க்கான விளையாட்டும் கல்வியும் முன்னாயத்தமும் கொண்ட ஒரு பிரிவை நடத்தி, இப்பணிக்குத் தொழில் வடிவம் கொடுத்தார். அடிப்படையில் இது பிரிவுத் துயருக்குக் கண்ட மருந்து. தாய் இல்லாத வார்டில் தாயின் வேலையில் ஒரு பகுதியைச் செய்யப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து நிற்பது அதன் மூலக் கருத்து.

தமிழ்நாட்டின் சிறார் வார்டில் தாய் இல்லாமல் இருந்ததில்லை. துணைக்கு ஆள் இல்லாத குழந்தையை உள்நோயாளியாகச் சேர்ப்பது இங்கே நினைத்துப் பார்க்கவே இயலாத ஒன்று. கட்டிலின் ஓரத்திலோ, கட்டிலுக்குக் கீழே விரித்த பாயிலோ தாயோ பாட்டியோ அத்தையோ இருந்தே தீருவார். இது இந்திய மருத்துவம் தெரிந்தே வளர்த்துக்கொண்ட மரபும்கூட. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து நகரான வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அதே பத்தாண்டில் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. ஆக, மேலைநாடு போராடிப் பெற்ற முதல் வெற்றி இங்கே கேட்காமலே கிடைத்திருந்தது. ஆனால் உடன் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு வார்டு என்ன வேலை வைத்திருக்கிறது என்று பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது. சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போவது, ரத்த மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வருவது, ட்ரிப்ஸ் முடிந்ததும் சிஸ்டரைக் கூப்பிடுவது, ரவுண்ட்ஸ் வரும்போது எழுந்து ஓரமாக நிற்பது என்று பணியாளர் பற்றாக்குறையை ஈடுகட்டும் கையாகவே அவர் பயன்படுகிறார். தகப்பனுக்கோ இரவில் உள்ளே இடமில்லை. வராண்டாவிலோ வெளியே மரத்தடியிலோ பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு, வேண்டும்போது வாங்கிக் கொடுப்பதோடு அவர் பங்கு முடிகிறது. தாயும் பிள்ளையும் பிரிக்கப்படாத இந்த வார்டில் தாய் அதிகாரமும் விவரமும் இல்லாமல் இருக்கிறார்; இங்குள்ள காயம் அதுவே.

இக்காயம் எங்கே திறந்து தெரிகிறது என்பதற்கு வென்ஃப்ளான் போடும் நேரத்தைப் பார்க்கலாம். நரம்புக்குள் செலுத்தி, பிளாஸ்டர் ஒட்டி, சில நாள் அப்படியே விட்டுவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தமிழ்நாட்டு வார்டுகளில் மருத்துவர் முதல் ஆயாம்மா வரை அனைவரும் இந்த வணிகப் பெயராலேயே சொல்கின்றனர். வாந்தியும் பேதியுமாக வந்த பிள்ளையின் உடலில் நீர் குறைந்து நரம்பு சுருங்கிவிடுவதால் முதல் குத்திலேயே அது கிடைப்பது அரிது; புறங்கை, முழங்கை மடிப்பு, பாதம் என்று இடம் மாற்றித் தேட வேண்டியிருக்கும். பிள்ளையை மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் காலையும் ஒருவர் தோளையும் அழுத்த, “கையை இறுக்கிப் பிடிங்கம்மா” என்று தாயிடம் சொல்லப்படுகிறது. அந்தக் கணத்தில் குழந்தையின் கண்ணுக்குத் தாய் வலி கொடுப்பவர்களுள் ஒருவராகிவிடுகிறார். சில தாய்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடிக்கிறார்கள். சிலர் அழுதபடி அறையைவிட்டு வெளியேறுகிறார்கள். வெளியேறியதற்காக ஏச்சும் கேட்கிறார்கள்.

மனத்துணைப் பணியின் மிகச் சிறந்த கூறு இங்கேதான் பயன்படுகிறது. மல்லாக்கப் படுக்கவைத்து அழுத்துவதற்கு மாற்றாக, அணைத்து அமர்த்தும் முறை ஒன்றை அது வகுத்திருக்கிறது. பிள்ளை தாயின் மடியில் நெஞ்சோடு நெஞ்சாகவோ, தாயின் மார்பில் முதுகு சாய்ந்தோ உட்கார்ந்திருக்க, ஊசி போட வேண்டிய கை மட்டும் தாயின் கைக்கு அடியில் நீட்டப்பட்டுச் செவிலியரிடம் கொடுக்கப்படுகிறது. தாயின் இரு கைகளும் பிள்ளையைத் தழுவியபடியே அதன் அசைவையும் கட்டுப்படுத்துகின்றன. மல்லாந்த நிலையில் குழந்தைக்கு ஏற்படும் அகப்பட்ட உணர்வு உட்கார்ந்த நிலையில் தணிகிறது. செவிலியருக்கு வேண்டிய அசையாத கை கிடைக்கிறது. தாய்க்குத் தன் பிள்ளையின் பக்கம் நிற்கும் உரிமை திரும்புகிறது. இதற்குப் பொம்மை அறையோ நன்கொடையோ தேவையில்லை. ஒரு நாற்காலியும், செவிலியருக்குச் சில நாள் பயிற்சியும், தாய்க்குச் சில நிமிட விளக்கமும் போதும். செலவு இவ்வளவு குறைவான ஒன்று ஏன் பரவவில்லை என்று கேட்டால், காசில்லை என்ற வழக்கமான விடை இங்கே செல்லாது. நின்றபடி, குனிந்து, மேசைமேல் ஊசி போட்டே பழகிய கை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதும், தாயைக் கையாளாகக் கருதிய பார்வை அவரைக் கூட்டாளியாகக் கருத வேண்டியிருப்பதும் காசைவிடக் கடினமான தடைகள்.

சொல்லும் சொற்கள் இன்னொரு தளம். ஊசியோடு தமிழ்க் குழந்தைக்கு ஏற்படும் முதல் அறிமுகம் பெரும்பாலும் மிரட்டலாகவே அமைகிறது. சாப்பிட மறுத்தால், தெருவில் இறங்கி ஓடினால், “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, உண்மையிலேயே ஊசி போடும் நாளில் “ஒண்ணுமில்லடா கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று சொன்னால் பிள்ளை நம்புவதற்கு வழியில்லை. இது தமிழ்ப் பெற்றோரின் தனிக் குறையும் இல்லை. ஊசி போடும் நேரத்தில் பெரியவர்கள் பேசுவதைப் பதிவுசெய்து 1980கள் முதல் மேலைநாட்டில் நடந்த ஆய்வுகளில், “பயப்படாதே, சரியாகிவிடும்” என்ற வகை ஆறுதல் மொழி மிகுந்த இடங்களில் குழந்தையின் பதற்றமும் மிகுந்தே காணப்பட்டது. பெரியவர் குரலில் உள்ள கவலையைக் குழந்தை முதலில் கேட்கிறது. சொல்லைப் பிறகே கேட்கிறது. மாறாக, மூச்சை இழுத்து ஊதச் சொல்வது, சுவரில் உள்ள படங்களை எண்ணச் சொல்வது, கதையோ பாட்டோ சொல்வது ஆகியவை உதவுகின்றன. சோற்றை ஊட்டும்போது காக்கையையும் நிலாவையும் காட்டிக் கவனத்தைத் திருப்பும் கலையில் தமிழ்த் தாய்க்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அக்கலையை ஊசி அறைக்குள்ளும் பயன்படுத்த அவருக்கு அனுமதி வேண்டும், அவ்வளவே.

எனினும் இப்பணியின் ஆதரவாளர்கள் சொல்லுமளவுக்கு எல்லாக் கூறுகளுக்கும் சான்று வலுவாக இல்லை. ஊசி வலிக்கான உளவியல் முறைகள்பற்றிப் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பீடு 2018இல் வெளியானது. கவனத்தைத் திருப்புதல், மூச்சுப் பயிற்சி, அறிதுயில், பல முறைகளை இணைத்த நடத்தைப் பயிற்சி ஆகியவை வலியையோ அச்சத்தையோ குறைப்பதற்குச் சான்று உண்டென்றும், அந்தச் சான்றின் தரம் உயர்ந்ததில்லை என்றும், முன்கூட்டியே விவரம் சொல்லி ஆயத்தப்படுத்துவது தனித்து நிற்கையில் பயன் தருவதாகக் காட்ட முடியவில்லை என்றும் அது கண்டது. முன்னாயத்தம் இத்தொழிலின் பெருமைக்குரிய தூண்களுள் ஒன்றாதலால் இம்முடிவு புறக்கணிக்கத்தக்கதன்று. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துச் சேர்க்கப்படும் எட்டு வயதுப் பிள்ளைக்கு முன்னாயத்தம் கைகொடுக்கலாம். காய்ச்சலில் வலிப்பு வந்து இரவு இரண்டு மணிக்கு 108 வாகனத்தில் வந்திறங்கும் பிள்ளைக்கு அதற்கு நேரமே இல்லை. மாவட்ட மருத்துவமனையின் சிறார் வார்டை நிரப்புகிறவர்களுள் இரண்டாம் வகையினரே மிகுதி என்பதால், மேலைநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி பயனின்றிப் போகும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு; இக்கட்டுரையின் நோக்கில் அதுவே இப்பணியின் முதன்மையான குறை. மனத்தைத் தேற்றும் முறைகள் மலிவானவை என்பதால் வலியைத் தீர்க்கும் மருந்துக்கு அவை மாற்றாகிவிடக்கூடும். லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த களிம்பைத் தடவி ஏறத்தாழ ஒரு மணி நேரம் மூடிவைத்தால் தோல் மரத்துப்போய் ஊசி வலி பெரிதும் தணியும். பச்சிளங் குழந்தைக்கு ஊசிக்குச் சற்று முன்னர் நாவில் விடும் சர்க்கரைக் கரைசலும், ஊசியின்போதே கொடுக்கப்படும் தாய்ப்பாலும் வலியைத் தணிக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பது, எலும்பு மஜ்ஜைச் சோதனை போன்ற கடுமையான செய்முறைகளில் மயக்க மருந்து இன்றிக் குமிழி ஊதிக் காட்டுவதும் பாட்டுப் பாடுவதும் கொடுமைக்கு முலாம் பூசும் வேலையாகிவிடும். களிம்புக்கும் மயக்க மருத்துவருக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தைச் சுவர் ஓவியத்துக்கு ஒதுக்கிவிட்டுக் “குழந்தைகளுக்கு இணக்கமான வார்டு” என்று பெயர் சூட்டும் நிர்வாகம், இப்பணியின் பெயரால் இப்பணிக்கே துரோகம் செய்கிறது.

உண்மையைச் சொல்வது என்ற கொள்கையில் இப்பணிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் உள்ள முரண் ஆழமானது. குழந்தைக்குத் தன் நோயைப் பற்றி வயதுக்கேற்ப அறியும் உரிமை உண்டு என்பது மனத்துணைப் பணியின் அடிப்படை. பிள்ளைக்குத் தெரியக்கூடாது, சிலவேளை பிள்ளையின் தாய்க்கே தெரியக்கூடாது என்பது இங்குள்ள குடும்பத்தின் முதல் வேண்டுகோள். காஞ்சிபுரத்தில் இம்முரண் வெளிப்படையாகவே தெரியும். 1969இல் மறைந்த அண்ணாவின் நினைவாக அவருடைய சொந்த ஊரை ஒட்டிய காரப்பேட்டையில் அமைந்த அரசு மருத்துவமனையின் பெயரிலேயே புற்றுநோய் என்ற சொல் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து உள்ளே போன பிறகு, ரத்தத்தில் சத்துக் குறைவு என்று வீட்டார் சொல்லும் கதைக்கு எவ்வளவு ஆயுள் இருக்கும்? ரத்தப் புற்றுநோய்ச் சிறாரிடையே பழகி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978இல் வெளியிட்ட நூலில், யாரும் சொல்லாமலே குழந்தைகள் தம் நோயின் போக்கையும் முடிவையும் அறிந்துகொள்வதையும், பெரியவர்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக அறியாததுபோல் நடிப்பதையும் பதிவுசெய்தார். அந்த வகையில் மறைப்பு குழந்தையைக் காப்பதில்லை. பேச ஆளில்லாமல் தனிமைப்படுத்துகிறது. ஆனால் குடும்பத்தை ஒதுக்கிவிட்டுக் குழந்தையிடம் நேரே உண்மையைப் போட்டு உடைக்கும் வேலையை வெளியாள் ஒருவர் செய்தால், அவர் கிளம்பிப் போன பிறகு அந்தப் பிள்ளையோடு இருக்கப்போவது அதே குடும்பம்தான். குழந்தையைத் தனி மனிதராகப் பார்க்கும் மேலை நோக்கு இங்கே போதாது. என்ன சொல்வது என்பதைவிட யார் வாயால் சொல்வது என்பதே இங்குள்ள கேள்வி. பாட்டியோ தாய்மாமனோ சொல்லும்போது அது செய்தியாக இல்லாமல் உறவாக வந்து சேரக்கூடும். அதற்கு அவர்களை ஆயத்தப்படுத்துவதே பயிற்சி பெற்றவரின் வேலையாக அமைய வேண்டும்.

கோயில் ஊரில் குடும்பங்கள் தம் துயரைத் தாங்கிக்கொள்ளும் வழிகளுள் மருத்துவமனைக்கு வெளியே உள்ளவற்றையும் புறந்தள்ள முடியாது. காஞ்சிபுரம் கச்சபேசுவரர் கோயிலில் கார்த்திகைக் கடைஞாயிறு விழாவின்போது, தலை சார்ந்த நோய்கள் நீங்க வேண்டிக்கொண்டவர்கள் மண்சட்டியில் ஏற்றிய மாவிளக்கைத் தலையில் தாங்கிக் கோயிலை வலம் வருவது நெடுங்கால வழக்கம். நோய் அதனால் தீருகிறதா என்பது இங்கே கேள்வியன்று. அவ்வழிபாடு நோயுற்றவருக்கும் வீட்டாருக்கும் செய்வதற்கு ஒரு வேலையையும், எப்போது தொடங்கி எப்போது முடியும் என்ற தெளிவையும், உடன் நடக்க ஒரு கூட்டத்தையும் கொடுக்கிறது. சிறார் வார்டோ இவை மூன்றையும் பறித்துக்கொள்கிறது: ஏவிய வேலையைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை, எப்போது டிஸ்சார்ஜ் என்று தெரியாது, பேச யாருமில்லை. வேண்டுதலை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு என்பதால் இதைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிய மந்திரித்த கயிற்றைக் கேட்காமல் கத்தரித்தெறியும் செவிலியர், அந்தத் தாய்க்கு இருந்த கடைசிப் பிடிமானத்தையும் சேர்த்தே கத்தரிக்கிறார். நரம்பு தேட இடைஞ்சலாக இருந்தால் மறு கைக்கு மாற்றிக் கட்டச் சொன்னால் வேலை முடிந்தது.

விளையாட்டும் கோமாளியும் இப்பணியின் வெளிமுகமாக ஊடகங்களில் இடம்பெறுகின்றன. நியூயார்க்கில் மைக்கேல் கிறிஸ்டென்சன் 1986இல் தொடங்கிய மருத்துவமனைக் கோமாளி இயக்கத்தின் வழியில், சென்னையின் தி லிட்டில் தியேட்டர் நாடகக் குழு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் பயிற்சி பெற்ற கோமாளிகளைக் கொண்டுவந்தது. கட்டில் கட்டிலாகச் சென்று, அனுமதி கேட்டு, குழந்தை வேண்டாமென்றால் விலகிப் போகும் முறையான கோமாளிப் பணிக்கு ஒரு நுட்பம் உண்டு. “வேண்டாம்” என்று சொன்னால் மதிக்கும் ஒரே ஆள் அந்த வார்டில் கோமாளிதான் என்பதே குழந்தைக்குப் பெரிய மருந்து. மற்றபடி தமிழ்நாட்டு வார்டுகளில் விளையாட்டு என்ற பெயரில் வருவது பெரும்பாலும் பிறந்தநாள் கொண்டாடும் குடும்பம் ஒன்றின் பிஸ்கட் பொட்டலமும் பொம்மையும் நிழற்படமும்தான். வாந்தி நிற்காத பிள்ளையின் கையில் கேக் துண்டைத் திணித்துப் படம் எடுத்துக்கொள்ளும் இந்த ஈகையில் கொடுப்பவரின் மனநிறைவே முதலிடம் பெறுகிறது. விளையாட்டு என்பது குழந்தைகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவில் சொல்லப்பட்ட உரிமை. 1992இல் இந்தியாவும் அவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. உரிமை ஒன்றை யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்குக் காத்திருந்து பெற வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் வார்டின் நான்கு சுவர்களுக்குள் நடப்பவை. காஞ்சிபுரத்தில் குடும்பம் நோயைத் தாங்குகிறதா இல்லையா என்பது வேறோர் இடத்தில் முடிவாகிறது. அது பிள்ளையார்பாளையத்திலும் அதைப் போன்ற நெசவாளர் தெருக்களிலும் வீட்டின் நடுவே உள்ள தறி. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பான கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து, அவற்றின் ஊடை நூல்கள் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டியிருப்பதால் தறியில் உட்காரும் நெசவாளருக்குப் பக்கத்தில், ஒரு கரையின் நாடாவை எறிந்து கொடுக்க இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் கணவர் நெய்ய மனைவி துணையாக உட்காருகிறார். மனைவி பிள்ளையோடு வார்டில் இருக்கும் நாளில் கணவர் வீட்டிலேயே இருந்தாலும் கோர்வைத் தறி ஓடாது. கூலி நெசவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. புடவையை முடித்து அறுத்துக் கொடுத்தால்தான் கூலி என்பதால், பாதியில் நின்ற புடவைக்கு ஒரு காசும் வராது. ஒரு கோர்வைப் புடவையை முடிக்கவே பல நாள் பிடிக்கும் தொழிலில், பத்து நாள் வார்டு வாசம் அந்த மாத வருவாயில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மேல்சிகிச்சைக்கென்று சென்னையின் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்பப்பட்டால் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் பயணச் செலவும் தங்கும் செலவும் சேருகின்றன. காஞ்சியின் பெயரைத் தாங்கிய குழந்தைகள் மருத்துவமனையான காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையும் சென்னை நுங்கம்பாக்கத்தில்தான் இருக்கிறது.

இச்செலவை முன்பு ஈடுகட்டிய வழி கொடியது. நெசவு முதலாளியிடம் முன்பணம் வாங்குவதும், அக்கடனுக்குப் பிணையாகப் பிள்ளையைத் தறித் துணைக்கு அனுப்புவதும் இந்த ஊரில் நடந்தன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் குறித்து 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. நாடா எறிய உட்கார்ந்த துணையாள் அக்காலத்தில் பெரும்பாலும் சிறுவனோ சிறுமியோதான். குடும்பத்தில் ஒருவருக்கு வந்த நோய், முன்பணம் வாங்கத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. அரசு நடவடிக்கைகளாலும் பள்ளிச் சேர்க்கையாலும் அந்நிலை பெரிதும் மாறியது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அறுவை சிகிச்சைக்காக வட்டிக்கு வாங்கும் கட்டாயத்தைக் குறைத்தன. ஆனால் காப்பீடு சிகிச்சைக்கான தொகையை மருத்துவமனைக்குக் கொடுக்கிறதே தவிர, நின்றுபோன தறிக்கு எதையும் கொடுப்பதில்லை. தறியை நினைத்தபடி கட்டிலருகில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தால் அவர் கேட்டுக்கொள்வார். அவர் கவலை அங்கே இல்லை. மனத்துணைப் பணியின் நூல்கள் குடும்பம் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினாலும், குடும்பத்தின் கூலியைப் பற்றி அவற்றில் பேச்சு மிகக் குறைவு. சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக்கூடிய பெற்றோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பணி அது.

ஆள்பலக் கணக்கிலும் இடைவெளி பெரிது. உள்நோயாளிக் குழந்தைகள் பதினைந்து இருபது பேருக்கு ஒரு மனத்துணையாளர் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் வட்டாரம் பரிந்துரைக்கும் அளவு. செவிலியர் பணியிடங்களையே நிரப்பப் போராடும் மாவட்ட மருத்துவமனைக்கு இப்படியொரு தனிப் பதவியைக் கேட்பது கேட்டதற்கான மனநிறைவை மட்டுமே தரும். இருக்கும் அமைப்புகளுக்குள் இடம் தேடுவதே நடக்கக்கூடியது. தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் 2013 முதல் அமைக்கப்பட்டுவரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களின் பணியிட வரையறையில் உளவியலாளரும் சிறப்புக் கல்வியாளரும் சமூகப் பணியாளரும் உள்ளனர்; வளர்ச்சிக் குறைபாடுள்ள புறநோயாளிக் குழந்தைகளுக்கென்று வரையறுக்கப்பட்ட அவர்களின் நேரத்தில் ஒரு பகுதி உள்நோயாளி வார்டுக்கும் வரலாம். இன்னும் நல்ல முன்மாதிரி பச்சிளங் குழந்தைகள் பிரிவில் ஏற்கெனவே உண்டு. குடும்பம் பங்கேற்கும் பராமரிப்பு என்ற பெயரில் 2017இல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, கை கழுவுவது, பாலூட்டுவது, தோலோடு தோல் அணைத்துக் கங்காரு முறையில் வைத்திருப்பது, அபாய அறிகுறிகளைக் கண்டறிவது ஆகியவற்றில் தாய்க்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டு, குறைமாதக் குழந்தையின் பராமரிப்பில் அவர் பங்காளியாக்கப்படுகிறார். தாயைப் பயிற்றுவிக்க முடியும், அவருக்கு விவரம் சொன்னால் வார்டின் ஒழுங்கு குலைந்துவிடாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. ஒரு கிலோ எடையுள்ள சிசுவைத் தாயிடம் நம்பிக் கொடுக்கும் அதே மருத்துவமனை, நான்கு வயதுப் பிள்ளைக்கு வென்ஃப்ளான் போடும்போது அந்தத் தாயை வெறும் பிடிக்கும் கையாக நடத்துவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

பயிற்சி யாரிடம் சேர வேண்டும் என்பதிலும் வார்டு ஒரு விடையை ஏற்கெனவே வைத்திருக்கிறது. புதிதாக வந்து விழித்து நிற்கும் தாய்க்கு எந்த நேரம் ரவுண்ட்ஸ், எந்தச் சிஸ்டர் பொறுமையாகப் பதில் சொல்வார், பால் எங்கே கிடைக்கும், இந்த மருந்து ஏறும்போது உடம்பு சுடுமா குளிருமா என்றெல்லாம் சொல்லித் தருபவர் பக்கத்துப் பெட்டில் பத்து நாளாக இருக்கும் இன்னொரு தாய். யாரும் நியமிக்காத, ஊதியம் பெறாத மனத்துணையாளர் அவர். அவர் தரும் விவரத்தில் பிழையும் பீதியும் கலந்திருப்பதுண்டு. அதனால் அவரை வாய்மூடச் சொல்வதைவிட, வாரத்தில் ஒரு நாள் செவிலியர் ஒருவர் இந்தத் தாய்மாரை ஒன்றாக உட்காரவைத்துச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது மேல். ஆனால் இங்கும் ஒரு தடை எழுகிறது. எல்லாப் பொறுப்பையும் தாயிடம் ஒப்படைப்பது, ஏற்கெனவே சுமையேறிய தோளில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகவும் முடியலாம். தகப்பனை இரவில் வெளியே நிறுத்தும் விதி பெண்களின் பாதுகாப்புக்காக வந்தது. அதன் பக்க விளைவாக, பிள்ளையின் நோயைத் தாங்குவது பெண்ணின் வேலை என்பதை அது நிலைப்படுத்திவிட்டது. பகலிலாவது ஊசி அறைக்கும் மருத்துவருடனான பேச்சுக்கும் தகப்பனை அழைக்காத பங்கேற்பு, பாதிக் குடும்பத்தின் பங்கேற்பே.

கூலி இழப்புக்கு அரசு பொறுப்பேற்பது புதுமையும் அன்று. அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமான முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாடு அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டம், ஏழைக் கர்ப்பிணிக்குச் சத்துப் பெட்டகங்களும் ரொக்கமுமாக 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியைத் தவணைகளில் வழங்குகிறது. பேறுகாலத்தில் வேலைக்குப் போக இயலாத பெண்ணின் வருவாய் இழப்பை ஈடுசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. பிள்ளையைப் பெற்றெடுக்கும் நாள்களில் நிற்கும் தறிக்கு ஈடு உண்டென்று ஏற்றுக்கொண்ட அரசு, அதே பிள்ளை நான்கு ஆண்டு கழித்து நோயில் படுத்திருக்கும் நாள்களில் நிற்கும் தறிக்கும் ஈடு கொடுக்கலாம். அதற்கு வேண்டிய கணக்கு வார்டிலேயே இருக்கிறது: சேர்க்கை நாளும் டிஸ்சார்ஜ் நாளும் குறித்த சீட்டும், காப்பீட்டு அட்டை எண்ணும், துணைக்கு இருந்தவரின் பெயர் எழுதிய அட்டெண்டர் பாஸும்.